தமிழ்ப் பக்கம்: கல்லிலும் அச்சிலும் திரையிலும்

சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி, பாலசமுத்திரம் என்றோர் ஊர் உண்டு. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் பகுதி அது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. பின்னர் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பாலசமுத்திரமோ ஆந்திரத்திலேயே நின்றது. நாட்டின் எல்லைக்கோடு ஒரே நாளில் இடம் மாறும். வீட்டில் பேசும் மொழி அவ்வாறு மாறுவதில்லை. ஆனால் படிக்கும் மொழியின் நிலை வேறு. பள்ளியிலும் அலுவலகத்திலும் கடைப் பலகையிலும் வேறோர் எழுத்து ஆட்சி செய்யும் இடத்தில், தமிழ் எழுத்தைக் கண்ணால் காணும் வாய்ப்பே நாளடைவில் சுருங்கிப்போகிறது. மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் நேயர்கள் இதனை நன்கு அறிவார்கள்.

இத்தகைய இடங்களில் தமிழ் படிக்க விரும்புவோருக்கு இன்று எளிதில் எட்டுவது கைப்பேசியின் திரைதான். செய்தியாயினும் இலக்கியமாயினும் கோயில் தரிசனத்துக்குரிய அறிவிப்பாயினும் வலைத்தளத்தின் வழியாகவே வந்து சேருகிறது. ஆதலின் அந்தத் திரையில் தமிழ்ப் பக்கம் எவ்வாறு அமைக்கப்படுகிறது என்பது வெறும் அழகுக் கலையைப் பற்றிய கேள்வி அன்று. வெளிமாநிலத்தில் வளர்ந்த இளைஞன் ஒருவன் தமிழ் வலைத்தளம் ஒன்றைத் திறக்கிறான். பத்து வரி படிப்பதற்குள் கண் களைத்துப்போகிறது. உடனே அவன், ‘எனக்குத் தமிழ் வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறான். அவனுடைய பெற்றோரும் அதனை ஒப்புக்கொண்டு வருந்துகிறார்கள். குற்றம் அவனுடைய தமிழில் இல்லை. பெரும்பாலும் பக்கத்தின் அமைப்பில் இருக்கிறது என்பதே நான் இங்குச் சொல்ல விரும்புவது.

பக்க அமைப்பின் விதிகள் என்று இன்றைய வலைத்தளக் கலைஞர் கூறுவன மிகச் சில. முக்கியமானது ஓங்கித் தெரிய வேண்டும். ஒன்றோடொன்று உறவுடையவை அருகருகே நிற்க வேண்டும். எல்லாம் ஒரு கோட்டில் ஒழுங்குபட வேண்டும். ஒரு முறை கையாண்ட வடிவத்தையே எங்கும் திரும்பக் கையாள வேண்டும். சுற்றிலும் போதிய வெற்றிடம் வேண்டும். ஜெர்மானிய உளநூல் அறிஞர் மாக்ஸ் வெர்தைமர், அருகருகே உள்ளவற்றையும் ஒத்த வடிவுடையவற்றையும் கண் தானாகவே ஒரு குழுவாகக் கொள்ளும் என்பதை 1923இல் விளக்கினார். 1928இல் யான் சிகோல்ட் என்பார் அச்சுக் கலைக்குப் புதியதோர் இலக்கணம் வகுத்தார். 1994இல் ராபின் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க அம்மையார், கலை பயிலாதவரும் பின்பற்றும்படி இவற்றை நான்கு விதிகளாகச் சுருக்கி ஒரு சிறு நூல் எழுதினார். வலைத்தளம் அமைக்கப் புகுந்த பலர் அந்த நான்கிலிருந்தே தொடங்கினர். எனினும் இவற்றின் உட்பொருள் தமிழருக்குப் புதிதன்று. நம்முடைய பக்கமும் இவற்றைத் தானே, மெதுவாக, பல நூற்றாண்டுகளில் கற்றுக்கொண்டது.

தொடக்கத்தில் நம்மிடம் பக்கமே இல்லை. பாலசமுத்திரத்திலிருந்து வெகு தொலைவில் இல்லாத திருமலைக் கோயிலின் சுவர்களைப் பாருங்கள். அங்குள்ள கல்வெட்டுக்களில் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. பத்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும், சாமவை என்ற பல்லவ அரசியின் கொடையைக் கூறும் சாசனமும் அவற்றுள் ஒன்று. கல்வெட்டில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை, பத்தி இல்லை, தலைப்பு இல்லை. கல் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு தூரம் வரியும் ஓடுகிறது. அந்தச் சாசனம் ஒருவர் நின்று படித்து இன்புறுவதற்காக வெட்டப்பட்டதன்று. அழியாமல் இருப்பதற்காக வெட்டப்பட்டது. ஆகவே படிப்பவருடைய வசதியை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பனையோலையிலும் ஏறத்தாழ இதே நிலைதான். ஓலையின் அகலம் சிறிது. எழுத்தாணியின் கூர்மை பெரிது. ஓலை கிழிந்துவிடும் என்ற அச்சத்தால் புள்ளி இடாமலே எழுதினர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு தெரியாமற் போயிற்று. செய்யுள் எது, உரை எது என்பதைக் கண் சொல்லாது. கற்றவனுடைய மனமே பிரித்து உணர வேண்டும். ஆசிரியரிடம் பாடம் கேட்டவனுக்குத்தான் ஏடு புத்தகம். மற்றவனுக்கு அது வெறும் ஓலைக்கட்டு. நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அந்த மயக்கத்தை நீக்கியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த அப்பெரியார் செய்த மாற்றம் சிறு கோடும் சுழியுமேயாயினும், படிப்பவன் ஊகிக்க வேண்டியதைப் பக்கமே சொல்லட்டும் என்ற எண்ணம் அதில் முளைவிட்டது.

அச்சு வந்தபின் அந்த எண்ணம் வளர்ந்தது. இந்திய எழுத்தில் அச்சேறிய முதல் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அண்ட்ரிக் அடிகளார் என்று தமிழர் அழைத்த போர்த்துக்கீசியத் துறவியின் முயற்சி அது. பதினாறே பக்கம். அதன் இறுதிப் பக்கத்தில் 1577இல் கோவாவில் வார்த்த எழுத்தும், 1578இல் கொல்லத்தில் வார்த்த எழுத்தும் ஒருங்கே காட்டப்பட்டுள்ளன. ஒரே ஆண்டுக்குள் எழுத்தைத் திருத்தி வார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது!

தரங்கம்பாடியின் கதை இன்னும் சுவையானது. சீகன்பால்கு 1706இல் அங்கு வந்தார். ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் சில ஆண்டுகளுக்குப் பின் வந்து சேர்ந்தன. அவையோ மிகப் பெரியவை. காகிதம் கடல் கடந்து வர வேண்டிய காலம். பெரிய எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் உள்ள காகிதமெல்லாம் தீர்ந்துவிடும். ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தனர். 1715இல் நூல் முற்றுப்பெற்றது. எழுத்தின் அளவை நிர்ணயித்தது கலையுணர்வு அன்று, காகிதப் பஞ்சம். தமிழ் எழுத்து இவ்வளவு சிறுத்தாலும் படிக்க முடியும், இதற்கு மேல் சிறுத்தால் முடியாது என்ற அனுபவம் அப்போதுதான் நமக்குக் கிட்டியது எனலாம். அந்த அனுபவத்தைத் திரைக்காரர் பலர் இன்னும் பெறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தமிழ்ப் பக்கம் உண்மையில் பக்கமாயிற்று. 1835இல் அச்சகச் சட்டம் தளர்ந்து, இந்தியர் தாமே அச்சுக்கூடம் நடத்த வழி பிறந்தது. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலர், உரைநடையில் நிறுத்தக்குறிகளைச் சீராகக் கையாண்ட முன்னோடி. சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பார் சிறிய, தெளிவான தமிழ் எழுத்துக்களை உருவாக்கினார். 67,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862இல் அந்த அச்சகத்திலிருந்தே வெளிவந்தது. அகராதியைப் போல் பக்க அமைப்பைச் சோதிக்கும் நூல் வேறில்லை. எவரும் அதனை முதலிலிருந்து படிப்பதில்லை. தேடும் சொல்லுக்கு நேரே கண் பாய வேண்டும். சொல் ஒரு கோட்டில் நிற்கவும், பொருள் அதன் உள்ளே ஒதுங்கி நிற்கவும் செய்தால்தான் அது நடக்கும். இன்று வலைத்தளத்தில் தேடல் முடிவுகளை வரிசையிடுபவரும் இதே முறையைக் கையாளுகிறார்.

பின்னர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் வருகிறார். 1887இல் சீவகசிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் அவர் வெளியிட்டார். அவருடைய பதிப்புக்களைப் புரட்டிப் பார்ப்பவர் ஒன்றை உணரலாம். செய்யுள் தனித்து நிற்கிறது. உரை அதன்கீழ் அடங்கி நிற்கிறது. பாட வேறுபாடும் குறிப்பும் அடியில் இன்னும் சிறிய எழுத்தில் ஒதுங்குகின்றன. மூன்று குரல்கள் ஒரே பக்கத்தில் பேசுகின்றன; ஒன்று மற்றொன்றை மறைப்பதில்லை. ஓலையில் ஆசிரியர் வாயிலாகவே பிரித்துணர வேண்டியிருந்ததை இங்கே எழுத்தின் அளவும் இடைவெளியும் செய்துவிடுகின்றன. ஐயர் பக்க அமைப்பைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதியவர் அல்லர். ஆயினும் வலைத்தளம் அமைக்கப் பயிலும் தமிழ் மாணவருக்கு அந்தப் பதிப்புக்களில் ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டாலே போதும் என்பது என் கருத்து.

நம் வீடுகளில் புழங்கிய வேறு இரு பக்கங்களையும் இங்கே நினைக்கலாம். ஒன்று பஞ்சாங்கம். நெருக்கம் மிகுந்த பக்கம். வெற்றிடம் அறவே இல்லை. ஆனாலும் திதி எங்கே, நட்சத்திரம் எங்கே என்று வீட்டிலுள்ள பெரியவர் நொடியில் விரல் வைப்பார். ஆண்டுதோறும் அது அதே கட்டத்தில் நிற்பதே காரணம். வடிவம் மாறாமையின் பயன் இது. மற்றொன்று திருமண அழைப்பிதழ். பிள்ளையார் சுழி முதல் அச்சகத்தின் பெயர் வரை எல்லா வரியும் நடுவில் நிற்கும். மங்கல அழைப்புக்கு அது பொருந்தும். இருபது வரிக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பழக்கத்தையே வலைத்தளத்துக்கும் கொண்டுவந்து, ஐந்நூறு சொற்கள் கொண்ட கட்டுரையையும் நடுவில் நிறுத்துவோர் உளர். ஒவ்வொரு வரியும் வெவ்வேறு இடத்தில் தொடங்குவதால் அடுத்த வரி எங்கே என்று கண் தேடித் தேடி அலைகிறது. கட்டுரைக்கு முகூர்த்தம் குறித்தாற்போல் அமைக்க வேண்டியதில்லை.

இனித் திரைக்கு வருவோம். டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த வையவிரிவலை 1991இல் பொதுமக்களுக்குத் திறந்தது. நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995இல் சிங்கப்பூரிலிருந்து தமிழும் அதில் ஏறியது. தாயகத்தை விட்டுப் போன தமிழரே இத்துறையில் முன்னின்றனர் என்பது வெளிமாநில நேயர்கள் பெருமை கொள்ளத்தக்க செய்தி. மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ செயலியை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை அளித்தார்; 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை முன்னின்று நடத்தினார்.

எனினும் அன்றைய பக்கங்களின் நிலை இரங்கத்தக்கது. ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். உரிய எழுத்துருவை முதலில் இறக்கி நிறுவாவிட்டால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துக்கள் வரிசையாய் நிற்கும். சிலர் எழுத்தையே படமாக்கி வைத்தனர். பார்க்கலாம், தேட முடியாது. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு இரண்டு குறியேற்றங்களை ஏற்றது. 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எழுத்துத் தெரிவதே பெரும்பாடாய் இருந்த காலத்தில் எழுத்து அழகாய்த் தெரிய வேண்டும் என்று கேட்க எவருக்கும் மனம் வரவில்லை. அதனால் பக்க அமைப்பு என்பது பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1996இல் வலைப்பக்கத்தின் தோற்றத்தை உள்ளடக்கத்திலிருந்து பிரித்து ஆளும் பாணித்தாள் முறை வந்தபோதும், அதன் அளவுகளைப் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தை வைத்தே வகுத்தனர். தமிழ்த் தளங்கள் அந்த அச்சை அப்படியே எடுத்து, உள்ளே தமிழை ஊற்றின.

அங்கேதான் இடர் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு உண்டு. தலைப்பை முழுவதும் பெரிய எழுத்தில் இட்டால் அளவை மாற்றாமலே அது ஓங்கித் தெரியும். தமிழுக்கு அந்த வசதி இல்லை. சாய்வெழுத்தும் நம் மரபு அன்று. இயந்திரம் சாய்த்துக் காட்டும் தமிழ் எழுத்து, காற்றில் விழப்போகும் வேலியைப் போல் தோன்றும். தடித்த எழுத்தை நாடினாலோ, சிறிய அளவில் ணகரத்தின் சுழிகளும் இகரத்தின் உட்புறமும் மையால் அடைபட்டாற்போல் மூடிக்கொள்கின்றன. ஆகவே தமிழில் தலைப்பை உயர்த்திக் காட்ட எஞ்சியிருப்பவை அளவும் நிறமும் வெற்றிடமுமே. இவற்றுள்ளும் வெற்றிடமே சிறந்தது என்பேன். தலைப்பின் மேலே நிறைய இடமும், கீழே சிறிது இடமும் விட்டால், அது எந்தப் பத்திக்கு உரியது என்று கண் உடனே அறியும். இரு புறமும் ஒரே அளவு இடம் விட்டால் தலைப்பு யாருக்கும் உறவில்லாமல் நடுவே தொங்கும்.

வரியின் இடைவெளியும் அவ்வாறே. தமிழில் இகர, ஈகாரக் குறிகள் மேலே வளைகின்றன. புள்ளி மேலே அமர்கிறது. உகர, ஊகாரக் குறிகள் கீழே இறங்குகின்றன. ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் தமிழை அடுக்கினால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். பழைய அச்சுக்கோப்பவர் இதனை அறிந்து, வரிகளுக்கிடையே மெல்லிய ஈயத் தகடுகளைச் செருகி இடம் உண்டாக்கினார். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல் நெறிகள், பத்திக்குள் வரியிடைவெளி ஒன்றரை மடங்கேனும் இருப்பது நலம் என்று உயர்தர அளவாகக் கூறுகின்றன. தமிழுக்கு அதற்குக் குறையவே கூடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவேனும் இருக்க வேண்டும் என்பதும் அந்நெறிகளில் அடங்கும். நாகரிகம் என்று கருதி வெள்ளைத் திரையில் வெளிறிய சாம்பல் நிறத்தில் எழுதுவோர், வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்க்கும் முதியவரை மறந்துவிடுகிறார்கள்.

இவையெல்லாவற்றிலும் கடினமானது சொல்லின் நீளம். ‘பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்’ என்பது ஒரே சொல்; பதினெட்டு எழுத்து. கைப்பேசியின் குறுகிய வரியை அது ஒன்றே நிரப்பிவிடும். இரு ஓரங்களையும் நேராக்க வேண்டும் என்று கணினிக்கு ஆணையிட்டால், எஞ்சிய இரண்டு சிறு சொற்களுக்கிடையே வாய்க்கால் வெட்டினாற்போல் இடைவெளி திறக்கிறது. புத்தகத்தில் அழகாய் இருந்த அந்த நேரான வலப்புற ஓரம், குறுகிய திரையில் கண்ணுக்குத் தண்டனை. மேலே கூறிய அதே நெறிகள், இரு ஓரமும் சமன்செய்யாமல் விடுவதையே விரும்புகின்றன. வலப்புறம் மேடும் பள்ளமுமாய் இருக்கட்டும். படிப்பவன் இடப்புறத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவான். பொத்தான்களிலும் இதே கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சொல்லுக்காக அளந்து வைத்த பொத்தானில் தமிழ்ச் சொல்லைத் திணித்து, கடைசி இரண்டு எழுத்தை வெட்டி, மூன்று புள்ளி வைத்துவிடும் தளங்களை நேயர்கள் கண்டிருப்பீர்கள். வெட்டுண்ட சொல் எதனை அழுத்தச் சொல்கிறது என்பது அமைத்தவருக்கே வெளிச்சம்.

பாலசமுத்திரம் போன்ற எல்லை ஊர்களை எண்ணும்போது மற்றொரு நுட்பம் புலப்படுகிறது. தெலுங்கில் மெய்யோடு மெய் சேர்கையில் இரண்டாவது எழுத்து முதலாவதன் கீழே சிறிதாய்த் தொங்கும். அதனை ஒத்து என்பர். ஆகவே தெலுங்கு கீழ்நோக்கி இடம் கேட்கிறது. தமிழோ புள்ளியிட்டு ஒவ்வோரெழுத்தையும் பக்கத்தில் நிறுத்துவதால், குறுக்கே இடம் கேட்கிறது. ஒரே செய்தியை இரு மொழியிலும் அருகருகே, ஒரே அளவுள்ள இரு கட்டங்களில் இட்டால், தெலுங்குக் கட்டத்தில் இடம் மிஞ்சும். தமிழ்க் கட்டம் பிதுங்கும். உடனே தமிழ் எழுத்தைச் சிறிதாக்கிவிடுவது எளிய வழி. தமிழ் படிப்பவன் தனக்குக் கிடைத்தது இரண்டாம் இடம் என்று எண்ணுவான். அமைத்தவருக்கு அத்தகைய எண்ணம் சிறிதும் இருந்திராது. கட்டங்களை அருகருகே வையாமல் மேலும் கீழுமாக வைத்தால் அந்த இடர் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. கைப்பேசியின் நீண்ட திரைக்கும் அதுவே இசைவு.

இன்று நிலை மெல்லத் திருந்தி வருகிறது. எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டிய தொல்லை போயிற்று. பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்தே வருகிறது. ‘கட்டுமரம்’ என்னும் சொல்லின் ஆங்கில வடிவைப் பெயராகக் கொண்ட ‘கேட்டமரன்’, ‘ஹிந்த் மதுரை’, ‘முக்த மலர்’ முதலிய எழுத்துருக்களைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம். அவற்றுள் பலவும் மெல்லியது முதல் தடித்தது வரை பல பருமன்களில் கிடைக்கின்றன. தலைப்புக்கும் உரைக்கும் ஒரே குடும்பத்து எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்ப் பக்கத்துக்கு வேண்டிய விதிகளைத் தொகுத்து எழுதும் பணியையும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் தொண்டர்கள் மேற்கொண்டிருக்கிறார்கள். அச்சுக்கூடத்தில் வாய்மொழியாக மட்டும் வழங்கிவந்த வழக்கங்கள் இப்போதுதான் உலாவிகளை ஆக்குவோரின் செவிக்கு எட்டுகின்றன. சொல் வரி மடியும்போது புள்ளியெழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வந்து நிற்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. ‘பாட’ என்பது ஒரு வரியிலும் ‘ம்’ என்பது அடுத்த வரியிலுமாகப் பிரிவதை நல்ல அச்சுக்கோப்பவர் எவரும் விடமாட்டார். முந்தின வரியிலிருந்து ஓரெழுத்தையாவது கீழே இறக்கி அதற்குத் துணை சேர்ப்பார்.